பாளையில் ஒரு இன்டர்வியூ கிளாஸ்: மாக் இன்டர்வியூவுக்கு நாலரை ஸ்டார், மற்றதுக்கு ஒன்றரை

அந்த கிளாஸின் பெயரை எழுதப்போவதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லதும் சொல்லுவேன், குறையும் சொல்லுவேன். நான் இருப்பது திருநெல்வேலி பாளையங்கோட்டையில், பெருமாள்புரத்தில், காய்கறி வாங்கக்கூட தெற்கு பஜார் பக்கம் போகாமல் முடியாது, கிளாஸ் நடத்துகிறவர்களும் அங்கேதான் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறார்கள். பாளையில் இந்த மாதிரி இடங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் போர்டில் இன்டர்வியூ டிரெய்னிங் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள். அதனால் எந்த மாடிக்கு நீங்கள் ஏறினாலும் பணம் கட்டும் முன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

நான் ஏன் போனேன் என்றால், சென்னை ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருந்தேன், 2020இல் விட்டுவிட்டு ஊருக்கு வந்தாச்சு, குழந்தை, வீடு, பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரி என்று வருஷங்கள் போயின. பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வீட்டில் இருந்தே பார்க்கிற மாதிரி வேலை தேட ஆரம்பித்தேன். மதினிதான் இந்த கிளாஸைச் சொன்னார், அவருடைய தம்பி போயிருக்கிறான். கட்டணம் 4,500 ரூபாய், மேலே ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஆக 5,310. போனில் கேட்டால் 4,500 என்றுதான் சொல்லுவார்கள், அந்த 810 பில் போடும்போதுதான் வரும். இதில் மூன்று வாரம் சாயங்கால வகுப்பு, கடைசியில் இரண்டு மாக் இன்டர்வியூ, அதாவது நிஜம் மாதிரியே நடத்துகிற ஒத்திகை இன்டர்வியூ. மாக் இன்டர்வியூ மட்டும் போதும், வகுப்பு வேண்டாம், அதற்கு எவ்வளவு என்று கேட்டுப் பார்த்தேன், அப்படி எல்லாம் பிரிச்சுத் தர முடியாதுக்கா என்று ரிசப்ஷனில் இருந்த பெண் சொல்லிவிட்டது. பிரித்துத் தந்தால் வகுப்புக்கு ஆள் வராது என்பது அந்தப் பெண்ணுக்கே தெரியும் போலிருந்தது.

வகுப்பை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு புத்தகம் தருகிறார்கள், நூற்றுச் சொச்சம் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஆங்கிலத்தில் பதில். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால், நான் எதையும் நூறு சதவீதம் சரியாகச் செய்யாமல் விடமாட்டேன், அதுதான் என் பலவீனம் என்று சொல்ல வேண்டுமாம். ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்றால், இதே கம்பெனியில் பெரிய பொறுப்பில். வகுப்பில் இருந்த அத்தனை பேரும் இதை மனப்பாடம் செய்து, ஒருத்தர் பின்னால் ஒருத்தர் எழுந்து ஒப்பித்தார்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனி இந்த பேட்சில் ஐந்து பேரை வரிசையாக உட்காரவைத்துக் கேட்டால், மூன்றாவது ஆளிடம் அந்த எச்.ஆர். சிரித்துவிடுவார். ஆங்கிலம் நடத்தியவர் உச்சரிப்பிலேயே நேரத்தைப் போக்கினார். நம் ஊர்க்காரர்கள் பேசும் ஆங்கிலம் எந்தக் கம்பெனிக்கும் புரியாமல் போனதில்லை. பிள்ளைகளுக்குக் கஷ்டமே ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து நடுவில் நின்றுபோவதுதான், அதற்கு அவரிடம் மருந்து இல்லை. டிரஸ் பற்றி ஒரு நாள் முழுக்க. பிளேசர் வேண்டும் என்றார்கள். சித்திரை வெயிலில் வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடுக்கி உட்கார்ந்து, பிளேசரோடு இன்டர்வியூவுக்குப் போய்ச் சேருகிற பையனை நினைத்துப் பாருங்கள். தேய்த்த சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, பெண்களுக்கு மடிப்புக் கலையாத சுடிதாரோ காட்டன் சேலையோ போதும்.

இனி மாக் இன்டர்வியூ. பின்பக்கம் ஒரு சின்ன அறை, மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, ஓரத்தில் ஸ்டாண்டில் ஒரு செல்போன், அதில் ரெக்கார்டிங். நடுவில் உட்காருவது ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். ஒரு பக்கம் மின்வாரியத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்னொரு நாற்காலிக்கு சனிக்கிழமை மட்டும் ஒரு ஐ.டி. பையன் வருகிறான், வீட்டில் இருந்து வேலை பார்க்கிறவன். இவர்கள் கையில் அந்த ஸ்பைரல் புத்தகம் கிடையாது, உங்கள் ரெஸ்யூம் மட்டும்தான் இருக்கும். அதில் இருந்து முதல் கேள்வி வரும். இரண்டாவது கேள்வி நீங்கள் சொன்ன பதிலில் இருந்து வரும், மூன்றாவது அதற்குச் சொன்ன பதிலில் இருந்து. மனப்பாடம் எல்லாம் முதல் கேள்வியோடு தீர்ந்துபோகும், அதற்கு மேலேதான் இன்டர்வியூவே நடக்கிறது. ஒருத்தர் உள்ளே இருக்கும்போது மற்றவர்கள் சுவர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் அப்படிச் சுவரோரம் உட்கார்ந்து கற்றதுதான்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருந்து ஒரு பெண் வந்தது, பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ. மோட்டாரை ஸ்டார்ட் செய்கிற ஒரு கருவியைப் பற்றி அண்ணாச்சிதான் கேட்டார்.

"ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் எதுக்கும்மா?"

"ஸ்டார்ட்டிங் கரண்டைக் குறைக்கதுக்கு சார்."

"எவ்வளவு குறையும்?"

"நேரடியா கொடுத்தா எடுக்கிற கரண்ட்ல மூணுல ஒரு பங்குதான் எடுக்கும் சார்."

"சரி. டார்க், அதான் மோட்டார் சுத்துற விசை?"

பதில் இல்லை. அப்புறம் மெதுவாக, "அதுவும் குறையும்னு நினைக்கேன் சார்."

"நினைக்கியா, தெரியுமா?"

அந்தப் பெண் விரலால் மேஜையில் ஏதோ எழுதிப் பார்த்தது. "வோல்டேஜ் ரூட் மூணால குறையுது சார். டார்க் வோல்டேஜ் ஸ்கொயருக்குத் தக்கன வரும். அப்போ டார்க்கும் மூணுல ஒண்ணு."

"அப்போ லோடு ஏத்தி நிக்கிற கன்வேயரை இதுல ஸ்டார்ட் பண்ணலாமா?"

"தூக்காது சார்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா," என்றார் அண்ணாச்சி, சிரித்துக்கொண்டு.

அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, ஒரு வரியில் படித்ததை ஒரு வரியில் சொல்லி நிறுத்தி வைத்திருந்தது, அவ்வளவுதான். அந்த அறையில் அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த வேலை ஒன்று உண்டு, இதை நீங்கள் வீட்டில் காசில்லாமல் செய்யலாம். ரெஸ்யூமில் இருக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் பென்சிலால் மூன்று கேள்வி எழுத வேண்டும்: இது ஏன், எவ்வளவு, எப்போது இது ஒத்துவராது. மூன்றில் எதற்காவது பதில் வரவில்லை என்றால் உட்கார்ந்து படிக்க வேண்டும், இல்லை என்றால் அந்தச் சொல்லை ரெஸ்யூமில் இருந்து அடித்துவிட வேண்டும். அந்தப் பெண்ணின் ரெஸ்யூமில் இருந்து பி.எல்.சி. (மெஷின்களை இயக்குகிற கன்ட்ரோலர்) என்ற சொல் அன்றைக்கே போனது, காலேஜில் ஒருநாள் செமினாரில் கேட்டதாம்.

வள்ளியூர்ப் பையன் ஒருத்தன். பி.காம்., அப்புறம் அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. ரெஸ்யூமில் வேலை அனுபவம் இல்லை என்று போட்டிருந்தான். பேங்க் மேனேஜர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, 2021ல டிகிரி முடிச்சிருக்க, அதுக்கு அப்புறம் என்ன பண்ணுன என்று கேட்டார். சும்மாதான் சார் இருந்தேன் என்றான். சும்மான்னா என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு டவுனில் ஒரு துணிக்கடையில் நின்றதாகச் சொன்னான். எந்த செக்‌ஷன்? பசங்க ரெடிமேட். தீபாவளிக்கு உனக்குக் கீழ எத்தனை பேரு? சீசனுக்கு எடுத்த பையனுவ ஆறு பேரு சார். சரி, எந்த சைஸ் மொதல்ல தீரும்? இந்தக் கேள்விக்குப் பையன் நிமிர்ந்தான். அம்மாமார் எல்லாரும் வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாகத்தான் எடுப்பார்கள், அதனால் வயதைப் பார்த்து ஆர்டர் போட்டால் சின்ன சைஸ் அப்படியே கிடக்கும், பெரியது மூன்றாம் நாளே தீர்ந்துவிடும், இதை முதல் வருஷம் கவனித்து வைத்து அடுத்த வருஷம் முதலாளியிடம் சொல்லி ஆர்டரை மாற்றினான், ஐப்பசி முடிந்து ரேக்கில் மிச்சம் கிடந்தது முந்தின வருஷத்தை விடக் குறைவு. ஐந்து நிமிஷம் பேசினான், ஆங்கிலமும் தமிழும் கலந்து, எங்கேயும் நிற்கவில்லை. இதை ஏம்ல எழுதல என்று கேட்டார் மேனேஜர். துணிக்கடைன்னு எழுதினா மரியாதையா இருக்காதுல்லா சார் என்றான்.

அவனுடைய ரெஸ்யூமை அங்கேயே மாற்றி எழுதினார்கள். ஸ்டாக் கணக்கு, சீசனில் ஆறு பேரை மேய்த்தது, பில்லிங் சாஃப்ட்வேர், ஆர்டரை மாற்றச் சொன்னது, நான்கு வரி. நம் பக்கத்தில் கடையிலும் வயலிலும் லாரி ஆபீசிலும் நின்று படித்த பிள்ளைகள் ஏராளம், எல்லாரும் அதை மறைத்துவிட்டு, டீம் பிளேயர் என்றும் ஹார்டு ஒர்க்கர் என்றும் எழுதி வைக்கிறார்கள். மேனேஜர் இன்னொன்றையும் பிடித்துக்கொண்டார். அந்தப் பையன், நாங்க பண்ணோம், நாங்க பண்ணோம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கன்னா யாரு, நீ என்ன பண்ணுன, அதைச் சொல்லு என்றார். என்ன சிக்கல், உன் கையால் என்ன செய்தாய், கடைசியில் என்ன ஆனது, இவ்வளவையும் ஒரு நிமிஷத்துக்குள், போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு சொல்ல வைத்தார். உன்னைப் பற்றிச் சொல் என்ற கேள்விக்கு ஒன்றரை நிமிஷம், அதில் அப்பா பேர், ஊர், பத்தாவது மார்க் எதுவும் வரக்கூடாது, வேலைக்கு ஆகிறது மட்டும்.

என் முறை வந்தபோது ஐ.டி. பையன் நேராக செலினியத்துக்கு வந்தான், வெப்சைட்டைத் தானாக டெஸ்ட் செய்ய உதவுகிற டூல் அது. எந்த வெர்ஷன்ல வேலை பார்த்திருக்கீங்கக்கா என்றான். 3 என்றேன். செலினியம் 4 வந்தது 2021 அக்டோபரில், நான் வேலையை விட்ட பிறகு. அது அவனுக்கும் தெரியும். நாலுல என்ன மாறிச்சு, இப்போ நிறைய பேர் பிளேரைட்னு இன்னொரு டூலுக்குப் போறாங்களே, நீங்க பாத்தீங்களா, கொஞ்சம் காட்டுங்க என்று லேப்டாப்பைத் திருப்பி வைத்தான். பையன் தூங்கிய பிறகு ராத்திரிகளில் நான் எழுதி வைத்திருந்த சின்ன புராஜெக்ட் ஒன்று இருந்தது, ஒரு டெமோ சைட்டின் லாகின் பக்கத்தையும் கார்ட் பக்கத்தையும் டெஸ்ட் செய்வது, அதைத் திறந்து காட்டினேன். அதற்கு மேல் அந்த இடைவெளியைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. இடைவெளி விழுந்த பெண்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே விஷயம் இதுதான், ஏன் விட்டீர்கள் என்பதற்கு உருக்கமான பதில் தயார் செய்ய வேண்டாம், ஒரு வரி போதும். மிச்ச நேரத்தை, விட்ட நாளில் இருந்து இன்று வரை உங்கள் துறையில் என்ன மாறியிருக்கிறது என்று பட்டியல் போட்டு, அதில் ஒன்றைக் கையால் செய்து பார்ப்பதில் செலவழியுங்கள்.

அப்புறம் மேனேஜர் கேட்டார், குழந்தையை யாரு பாத்துக்கிடுவா என்று. எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு உட்கார்ந்த எந்த ஆம்பளைப் பிள்ளையிடமும் அவர் இதைக் கேட்கவில்லை, அதில் இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தை இருக்கிறது. முடிந்த பிறகு அதை அவரிடம் சொன்னேன். கேக்கக் கூடாதுதாம்மா, ஆனா கேப்பாங்க, அதான் இங்க கேட்டு வச்சேன் என்றார். அதுக்கு ஏற்பாடு இருக்கு சார், வேலை நேரத்துல இடைஞ்சல் வராது, இவ்வளவு சொல்லிட்டு நிறுத்திரணும், மாமியாருக்கு முழங்கால் வலி, அம்மா அடுத்த தெருவுலதான் இருக்காங்க, இந்தக் கதைக்குள்ள போகக் கூடாது என்றார். எனக்கு அந்தக் கேள்வி இன்னமும் பிடிக்கவில்லை. ஆனால் பிறகு நிஜமான இன்டர்வியூவில் ஒரு பெண் எச்.ஆரே அதைக் கேட்டபோது பதில் வாயில் தயாராக இருந்தது. அந்த வேலையில்தான் இப்போது இருக்கிறேன்.

குரூப் 1 எழுதிவிட்டு நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்த ஒருத்தரும் எங்களோடு இருந்தார். அவருக்கு மட்டும் ஊர்க் கேள்வி. தாமிரபரணி எங்கே உற்பத்தி? பொதிகை மலை. எங்கே கடலில் சேருகிறது? புன்னைக்காயல். அது எந்த மாவட்டம்? தூத்துக்குடி. அந்த மாவட்டம் எப்போது பிரிந்தது? 1986. தென்காசி? 2019. சரி, நீங்க அந்த நேரத்துல கலெக்டர், கோடையில குடிதண்ணிக்கும் வேணும், கார் சாகுபடிக்கும் வேணும், பாபநாசம் அணையில தண்ணி கம்மி, யாருக்கு மொதல்ல? இங்கே வந்து அவர் திணறினார், வருஷமும் ஊர்ப்பெயரும் எல்லாம் சரியாகச் சொன்ன மனுஷன். வெளியூர்க் கம்பெனியில் திருநெல்வேலியா, அல்வா கொண்டுவந்தீங்களா என்று சிரிப்பார்களே, அதற்குக்கூட ஒரு பதில் வைத்துக்கொண்டு போங்கள் என்று அந்த மனுஷனே எங்களிடம் சொன்னது வேறு விஷயம்.

இந்த இடத்தில் ஒன்று. அரசு வேலைக்கு மட்டும் படிக்கிறவர்களில் பல பேருக்கு இந்த கிளாஸ் தேவையே இல்லை. மத்திய அரசில் குரூப் சி, கெசட்டட் அல்லாத குரூப் பி வேலைகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வு கிடையாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்கும் இல்லை, பேங்க் கிளார்க்குக்கும் இல்லை. பேங்க் பி.ஓ. என்கிற ஆபீசர் வேலை, குரூப் 1, யு.பி.எஸ்.சி. இவற்றுக்கு உண்டு. ரிசப்ஷனில் இதைச் சொல்லமாட்டார்கள், குரூப் 4 எழுதுகிற பெண்ணிடம்கூடப் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

வகுப்பு நாட்களில் உருப்படியாக இருந்தது சம்பளம் பற்றிய ஒரு மணி நேரம், அதையும் மேனேஜர்தான் எடுத்தார். வருஷம் மூன்று லட்சத்து அறுபதாயிரம் சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி செலவழிக்கிற மொத்தத் தொகை) என்றால் மாதம் முப்பதாயிரம் கையில் வரும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். போர்டில் கணக்குப் போட்டார். அதில் பாதி பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 15,000 என்று வைத்துக்கொண்டால், உங்கள் பங்கு பி.எஃப். 12 சதவீதம், 1,800. கம்பெனி பங்கும் 1,800, அதையும் சி.டி.சி.க்குள்ளேயே சேர்த்துத்தான் பல கம்பெனிகள் காட்டும். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை என்று பேசிக்கில் 4.81 சதவீதம், சுமார் 720. ஆக கையில் வருவது 25,700க்குப் பக்கம், அதிலும் தொழில் வரி, இன்சூரன்ஸ் பிடித்தம் போகும். சென்னையில் பி.ஜி. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லு, எவ்வளவு எதிர்பாக்கேன்னு கேட்டா நீங்க கொடுக்கறதுன்னு சொல்லாத என்றார். பழைய வேலையைப் பற்றிப் பொய்யும் சொல்லக் கூடாது, பி.எஃப். யு.ஏ.என். எண்ணைப் போட்டாலே எங்கே எந்த மாதம் வரை இருந்தோம் என்று வந்துவிடும்.

இனி வயிற்றெரிச்சல். ஒரு பேட்சுக்குப் பன்னிரண்டு பேர் என்றார்கள், நாற்காலி பத்தாமல் பின்னால் பெஞ்ச் போட்டார்கள். மாக் இன்டர்வியூ வீடியோவை பென் டிரைவில் தருவோம் என்று நோட்டீசிலேயே அச்சடித்திருக்கிறார்கள், கேட்டால் நாளைக்கு, அப்புறம் சிஸ்டம் ரிப்பேர், கடைசியில் என் செல்லையும் இன்னொரு நாற்காலியில் சாய்த்து வைத்து நானே ரெக்கார்டு பண்ணிக்கொண்டேன். அதை யாரும் தடுக்கவில்லை, நீங்களும் அப்படியே செய்யுங்கள். அந்த வீடியோ முக்கியம், ஏனென்றால் வந்து, வந்து என்று எத்தனை தடவை சொல்லுகிறோம் என்பது நமக்கே தெரியாது. வகுப்பு எட்டு மணிக்கு முடிகிறது, திசையன்விளைக்கும் நாங்குநேரிக்கும் போகிற பெண்கள் ஏழரைக்கே எழுந்து ஓடுகிறார்கள், அவர்களுக்காக நேரத்தை மாற்றக் கேட்டோம், நடக்கவில்லை. போர்டில் நூறு சதவீதம் வேலை உறுதி என்று போட்டிருப்பது ஒரு வாட்ஸ்அப் குரூப், அவ்வளவுதான். அதில் வந்த விளம்பரங்களில் ஒன்று பதிவுக் கட்டணம் 2,000 கேட்டது. வேலை தருகிறேன் என்று உங்களிடம் பணம் கேட்கிற எவனும் வேலை தரப்போவதில்லை. குரூப்பில் அதைக் கேட்டேன், என்னை எடுத்துவிட்டார்கள்.

இவர்கள் தொடாத விஷயம் ஆன்லைன் இன்டர்வியூ, இப்போது முதல் ரவுண்டு பெரும்பாலும் அதுதான். எங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் இருந்து மதியம் வரை கரண்ட் இருக்காது, எந்த நாள் என்று பேப்பரில் முன்கூட்டியே போடுவார்கள். அதைப் பார்க்காமல் எச்.ஆர். கேட்ட நாளுக்குச் சரி என்று சொல்லிவிட்டால் வைஃபை போய்விடும். செல் டேட்டா ஒன்றைத் தயாராக வையுங்கள், லேப்டாப்பை முழு சார்ஜில் வையுங்கள், ஜன்னல் உங்கள் முகத்துக்கு நேரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருப்பாகத்தான் தெரியும். பக்கத்தில் கோயில் கொடைத் திருவிழா நடக்கிற வாரம் என்றால் ஸ்பீக்கர் கட்டுவதற்கு முன்னால் நேரம் கேட்டு வாங்குங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நேரில் சென்னைக்குப் போக வேண்டியிருந்தால், இரண்டு நாள் முன்னால்தான் மெயில் வரும், அதனால் தட்கல்தான், ஏ.சி.க்கு முந்தின நாள் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க முழித்துவிட்டு எழும்பூரில் இறங்கி, நேராக கிண்டிக்கு ஓடி பத்து மணிக்கு உட்காருவதை விட, சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு நாள் முன்னால் போய்விடுங்கள். அத்தை வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பார்களே என்று பயந்துகொண்டு ரயில் பாத்ரூமில் சட்டை மாற்ற வேண்டாம்.

பணம் இல்லாதவர்களுக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு. அவர்கள் அவ்வப்போது தனியார் வேலைவாய்ப்பு முகாமும் நடத்துவார்கள், அந்த வேலை வேண்டாம் என்றாலும் போய் நாலு கம்பெனி மேஜையில் உட்கார்ந்து எழுந்து வாருங்கள், முன்பின் தெரியாத ஆள் கேள்வி கேட்டால் வாய் உலர்ந்துபோவது அதிலேயே பாதி சரியாகிவிடும். காலேஜில் இப்போது படிக்கிறவர்களுக்கு நான் முதல்வன் திட்டம் 2022இல் இருந்து இருக்கிறது, அதில் வருகிற கோர்ஸை மார்க்குக்காக மட்டும் முடித்துத் தள்ளாதீர்கள். வீட்டில் பயிற்சி செய்வதென்றால் ஒரே நிபந்தனை, கேள்வி கேட்கிற ஆள் உங்கள் துறை தெரிந்தவராக இருக்க வேண்டும். அண்ணனும் தங்கச்சியும் எதிரெதிரே உட்கார்ந்தால் முதல் கேள்வியோடு சிரிப்பு வந்துவிடும், இரண்டாவது கேள்வியைக் கேட்க அவர்களுக்குத் தெரியாது. அதே துறையில் ரிட்டயர்டு ஆனவர் ஒவ்வொரு தெருவிலும் ஒருத்தர் இருக்கிறார், சாயங்காலம் திண்ணையில் சும்மாதான் இருப்பார், போய்க் கேட்டால் சந்தோஷமாக உங்களைக் குடைந்து எடுப்பார்.

மற்றபடி 5,310 கொடுத்துச் சேரலாமா என்றால், ரெஸ்யூமில் நிஜமாகவே ஏதோ வைத்திருந்து அதைப் பேச வராதவர்கள் சேரலாம். மாக் இன்டர்வியூவில் என் துறை ஆள் இருப்பாரா என்று கேட்டு, ஆமாம் என்றால் மட்டும் கட்டுங்கள். நர்சிங் படித்த ஒரு பெண்ணை பேங்க் மேனேஜரும் அண்ணாச்சியும் கேள்வி கேட்டது வீண் வேலை, அந்தப் பெண்ணே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தது. சனிக்கிழமை ஸ்லாட் வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள், அன்றைக்குத்தான் மூன்று பேரும் இருப்பார்கள். உங்கள் முறை இல்லாத நாளிலும் போய்ச் சுவரோரம் உட்காரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். கட்டணத்தை இரண்டு தவணையாக வாங்கிக்கொள்கிறார்கள், கேட்டால்தான் சொல்லுவார்கள். வண்டியை ஜெராக்ஸ் கடை முன்னால் நிறுத்தினால் கடைக்காரர் சத்தம் போடுவார், அந்தத் தெருவில் நிறுத்த வேறு இடமும் இல்லை, பஸ்ஸில் போய்விடுங்கள்.